மஞ்சள் பைப்பு போன வழி

காங்கிரீட் போடும் நாள் என்றால் போடிநாயக்கனூரில் அது பாதிக் கல்யாணம்.

குரங்கணி சாலையோரம் எழும்பிக்கொண்டிருந்த மலைச்சாமியின் புது வீட்டு வாசலில் விடிந்ததுமே கலவை மிஷின் வந்து நின்றுவிட்டது. சித்தாள் பெண்கள் தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் கல்லடுப்பில் பெரிய அண்டா ஏறியிருந்தது. மேலே வேலை முடிந்து இறங்குகிறவர்களுக்குக் கறிச்சோறு. அண்டாவுக்குப் பக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மலைச்சாமியின் மனைவி அன்னக்கொடி நின்றாள்.

மலைச்சாமிக்கு நிலைகொள்ளவில்லை. மலைச் சரிவில் ஏலச்செடிகளுக்கு நடுவே தகரக் கூரைக்குக் கீழே பாதி ஆயுளைக் கழித்தவர். இன்று அவர் தலைக்கு மேலே ஒரு தளம் விழப் போகிறது. வருகிறவர்களை எல்லாம் ஏணியருகே நிறுத்தி, தளத்துக்காகக் கம்பி கட்டி, பைப்பு பதித்து வைத்திருந்த தட்டைக் காட்டினார்.

"கறுப்பு பைப்பு இருக்குல்ல, அது எல்லா வீட்லயும் இருக்குறது. லைட்டுக்கும் ஃபேனுக்கும். அந்த மஞ்ச பைப்பு இருக்கே, அது நம்ம வீட்ல மட்டுந்தான்!"

"அது எதுக்குண்ணே?"

"கேட்டுல பட்டனை அமுக்குனா உள்ள மணி அடிக்கும், கூடவே பல்பு எரியும். மேல தண்ணித் தொட்டி நெறைஞ்சா மோட்டாரு தானா நின்னுக்கிரும். பின்னால ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர்ல சூடு கூடிப்போச்சுன்னா, வீட்டுக்குள்ள மணி அடிச்சு நம்மளைக் கூப்பிடும். பேட்டரி அளவுக்குத்தான் கரண்டு. தொட்டாக்கூட ஒண்ணும் செய்யாது. எல்லாம் எம்மக மூளை!"

மதுரையில் பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு வந்த பொன்னுமணி, வீட்டுக்கு இரண்டு வகை பைப்பு வேண்டும் என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்றதும், "வீடா இது, டெலிபோன் ஆபீசா?" என்று கத்திய அதே மலைச்சாமி கடைசியில் கடைக்குப் போய் மஞ்சள் பெயிண்ட்டைத் தானே வாங்கி வந்ததும் போன வாரத்துக் கதை.

ஆனால், மணியோடு ஏன் பல்பும் எரிய வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பொன்னுமணி பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

டைபாய்டு காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அன்னக்கொடிக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்பதில்லை. இன்னொன்றில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஏதோ கேட்கும். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இது தெரிந்தவள் மகள் ஒருத்திதான். "உனக்கொரு நல்லது நடக்குற வரைக்கும் வெளிய மூச்சு விட்றாதடி. குடும்பத்துல செவிடுன்னு பேராகிப் போகும்" என்று கையைப் பிடித்து வாங்கிய சத்தியம், இரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குள் மூடிக் கிடந்தது.

இன்றைக்கு அந்தச் சத்தியத்துக்கு இன்னும் கனம் கூடியிருந்தது. தேவாரத்திலிருந்து வெள்ளைத்துரை வரப்போகிறார். அவருடைய மகனுக்குத்தான் பொன்னுமணியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. வீட்டையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் பாக்கு மாற்றி நிச்சயம் பண்ண நாள் குறிக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பொன்னுமணி ஏணியில் ஏறினாள். பாவாடை தாவணியில் ஒரு பெண் சென்ட்ரிங் தட்டுமேல் நடப்பதைப் பார்த்து வேலையாட்களில் சிலர் சிரித்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. கிழக்கு அறை, நடு ஹால் என்று மஞ்சள் பைப்பைக் கண்ணால் தொட்டபடி நடந்தவள், அடுப்படிக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டாள்.

உத்திரத்தின் கம்பிக்கூட்டைத் தாண்டி அடுப்படிக்குள் இறங்க வேண்டிய மஞ்சள் பைப்பு, உத்திரத்துக்கு முன்னாலேயே அறுபட்டிருந்தது. அறுத்த முனையைக் கறுப்பு பைப்புகள் வந்து சேரும் பெட்டிக்குள் செருகி வைத்திருந்தார்கள்.

"பிச்சைமணி அண்ணே!"

வயர்மேன் பிச்சைமணி கையில் கட்டிங் பிளேயரோடு வந்தார். நல்ல வேலைக்காரர், ஆனால் அவசரக்காரர்.

"இதை யாருண்ணே இப்படிச் சேத்தது?"

"நாந்தாம்மா. உத்திரத்துக் கம்பிக்குள்ள ரெண்டு பைப்பு நொழைய மாட்டேங்குதுன்னு மேஸ்திரி சத்தம் போட்டாரு. அப்பாகிட்டக் கேட்டேன். ஒண்ணாவே விட்ருன்னாரு."

"அப்பாவா சொன்னாரு?"

"ஆமா. நேத்துச் சாயங்காலம் நீ வீட்டுக்குப் போனப்பறம்."

அடுப்படிக்கு வரப்போவது பல்பு மட்டுமில்லை. 'பார்த்துவிட்டேன், வருகிறேன்' என்று பதில் சொல்ல ஒரு பட்டனும் வரப்போகிறது. பாத்திரம் கழுவுகிற ஈரக்கையோடு அம்மா அமுக்கப் போகிற பட்டன். ஒரே பைப்புக்குள் இரண்டு வயரும் உரசிக்கொண்டு கிடந்து, என்றைக்காவது ஒரு வயரின் தோல் உரிந்தால், வீட்டுக் கரண்டு முழுசாக அந்தப் பட்டனுக்கு வந்துவிடும்.

கீழே ஜீப் ஒன்று வந்து நின்றது. வெள்ளைத்துரை இறங்கினார். மலைச்சாமி ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"வாங்க மச்சான், நல்ல நேரத்துல வந்தீக. மொதச் சட்டி உங்க கையால போடணும்!"

மிஷின் சுழலத் தொடங்கியது. ஜல்லி உருளுகிற சத்தம் சாலை வரை கேட்டது. இரண்டு பேரும் ஏணியில் ஏறி மேலே வந்தார்கள். மேஸ்திரி கண்ணுச்சாமி தேங்காயோடு பின்னால் வந்தார். முதல் கலவை கைமாறிக் கைமாறி மேலேறிக்கொண்டிருந்தது.

"அப்பா, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

மலைச்சாமி சிரித்த முகத்தோடு திரும்பினார். "என்ன தாயி?"

"அடுப்படி பைப்பைத் தப்பாச் சேத்திருக்கு. பிரிச்சுட்டுத்தான் காங்கிரீட் போடணும்."

"அதா? நாந்தான் சொன்னேன். ஒரு எடத்துல சேந்தா என்ன குடி முழுகிப் போச்சு? அப்பறம் பாத்துக்கலாம்."

"காங்கிரீட்டுக்குள்ள போயிருச்சுன்னா அப்பறம் பாக்க முடியாதுப்பா. ஒடைக்கத்தான் முடியும்."

வெள்ளைத்துரை ஒரு புருவத்தைத் தூக்கினார். "மேஸ்திரி இருக்காரு, வயர்மேன் இருக்காரு. பொண்ணு எதுக்கு மச்சான் வெயில்ல நிக்குது?"

அந்தப் பேச்சு மலைச்சாமிக்குச் சுருக்கென்றது. மகள் மேல் வந்ததா, மச்சான் மேல் வந்ததா என்று அவருக்கே தெரியாத கோபத்தில் குரல் உயர்ந்தது.

"நல்ல நேரம் போயிட்டிருக்கு பொன்னு. கலவை ஏறி வந்துருச்சு. நீ கேட்ட எல்லாத்துக்கும் சரின்னேன்ல? அடுப்படி ஒண்ணு இல்லாட்டி என்ன? அங்கன எதுக்கு மணியும் பல்பும்? உங்கம்மாவை நான் கூப்பிட்டா வரமாட்டாளா?"

அதற்குச் சொல்ல வேண்டிய பதில் மகளுடையது இல்லை, அம்மாவுடையது. ஆனால் பொன்னுமணி நகரவில்லை. அறுபட்ட பைப்புக்குப் பக்கத்தில் கம்பிமேல் குந்தி உட்கார்ந்து, சேர்த்து வைத்த முனையைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காமப் போடணும்னா, எங்கைய எடுத்துட்டுப் போடுங்க."

சட்டி பிடித்திருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

கீழே அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த அன்னக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. சட்டி ஏறாமல் நின்றதும், மகள் குந்தியிருப்பதும், புருஷன் அடுப்படியைக் கை காட்டுவதும் தெரிந்தது. அவர் உதடு அசைந்த விதத்தில் 'கூப்பிட்டா வரமாட்டாளா' என்பதும் தெரிந்தது.

அகப்பையைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினாள்.

தட்டுமேல் வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. மகளைப் பார்த்தாள். பொன்னுமணி வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள். அன்னக்கொடி அதையும் பார்த்தாள். பிறகு புருஷனுக்கு நேராகத் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க கூப்பிட்டா எனக்குக் கேக்காதுங்க."

மலைச்சாமி விழித்தார்.

"டைபாய்டு வந்துச்சுல்ல, அப்ப போனது. ஒரு காது முச்சூடும் போச்சு. இன்னொண்ணுல பாதிதான். ஸ்டோர்ல இருந்து நீங்க சத்தம் போட்டா எனக்குத் தெரியாது. வாசல்ல ஆளு வந்து நின்னாலும் தெரியாது. அந்தப் பல்பு எனக்குத்தான். நாஞ்சொல்லித்தான் எம்மக மறைச்சா. அவ மேல கோவப்படாதீக."

குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவளுக்குத் தெரியாதே. கீழே மிஷின்காரர்கூட அதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

மலைச்சாமி கம்பிமேல் ஒரு அடி வைத்து முன்னால் வந்தார். அவருடைய கண்ணில் இரண்டு வருஷம் ஓடியது. களத்திலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் திரும்பாமல் போன நாட்கள். மலையை விட்டு இறக்கிக் கொண்டு வந்ததில் கோபமாக்கும், வீம்பாக்கும் என்று நினைத்துத் தானும் பேசாமல் சாப்பிட்டு எழுந்த நாட்கள்.

"எம்மேல வருத்தம்னுல்ல நெனச்சேன்" என்றார். தலை குனிந்திருந்ததால் அது அவளுக்குப் புரியவில்லை. "என்னங்க?" என்றாள். அவர் முகத்தை நிமிர்த்தி, அவள் பார்க்கும்படி மறுபடி சொன்னார். "எம்மேல வருத்தம்னு நெனச்சுட்டேன் புள்ள."

"வருத்தமா? உங்க மேலயா?" என்றவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மலைச்சாமி தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு அந்தத் தெருவே கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தார்.

"கண்ணுச்சாமி! கலவையை நிறுத்து. எம்மக சொல்ற வரைக்கும் ஒரு சட்டி விழக்கூடாது."

"அண்ணே, மிஷின்ல இருக்குறது எறுகிப் போகுமே?" என்றார் மேஸ்திரி.

பொன்னுமணி எழுந்தாள். "எறுக வேணாம். கிழக்கு ரூம்ல எல்லாம் சரியா இருக்கு, பாத்துட்டேன். அங்கன இருந்து போட ஆரம்பிங்க. நடு ஹாலைத் தாண்டி நீங்க வர்றதுக்குள்ள நாங்க முடிச்சிருவோம். உத்திரத்தைத் தொட வேணாம் மேஸ்திரி. சுவத்து ஓரமாச் சுத்திக் கொண்டுபோயி மறுபக்கம் எறக்கிறலாம். பைப்பு கொஞ்சம் கூடுதலாப் பிடிக்கும், அவ்வளவுதான்."

கண்ணுச்சாமி உத்திரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "இது நேத்தே தோணியிருந்தா எனக்கும் தலைவலி இல்லையே" என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கிழக்குப் பக்கம் திருப்பினார். பிச்சைமணி மஞ்சள் பைப்பை எடுத்து வர வெரசாக இறங்கினார்.

இத்தனை நேரமும் வெள்ளைத்துரை அசையாமல் நின்றிருந்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம் மச்சான்."

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

"தெரியாமயா இருந்திருப்பீக?" வெள்ளைத்துரை துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. நாலு பேர்கிட்டக் கலந்துட்டுச் சொல்லி அனுப்புறேன்."

"மொதச் சட்டியைப் போட்டுட்டுப் போங்க மச்சான். சாப்பாடும் ஆயிருச்சு."

"இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அன்னக்கொடிக்குக் கேட்கவில்லை. ஆனால் கிளம்பிய புழுதியைப் பார்த்தாள். பைப்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்த மகளின் முதுகைப் பார்த்தாள்.

"உன் வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டேனா ஆத்தா?"

பொன்னுமணி திரும்பி அம்மா பார்க்கும்படி சொன்னாள். "காங்கிரீட்டுத்தாம்மா போடுறோம். நல்லா நிக்கும்."

மலைச்சாமி மனைவியின் கையைப் பிடித்துக் கிழக்கு அறைப் பக்கம் கூட்டிப் போனார். சம்பந்திக்கு என்று வைத்திருந்த முதல் சட்டியை அவள் கையில் கொடுத்தார். அவள் கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்துவிட்டு, மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுக் கலவையைக் கொட்டினாள். சித்தாள் பெண்கள் குலவை போட்டார்கள். அவர்கள் வாய் அசைவதைப் பார்த்துத் தானும் சேர்ந்துகொண்டாள்.

நடு ஹாலை நோக்கிக் காங்கிரீட் நகர்ந்து வந்தபோது, மஞ்சள் பைப்பு தனியாக வளைந்து அடுப்படிக்குள் இறங்கியிருந்தது. பொன்னுமணி அதனுள் ஒரு கம்பியை விட்டு, மறுமுனையில் பிச்சைமணி பிடிக்கிறாரா என்று இழுத்துப் பார்த்தாள். தடங்கல் இல்லை. "போடுங்க" என்று கையைத் தூக்கினாள். காலையில் சிரித்த வேலையாட்கள் இப்போது அவள் கையைப் பார்த்துத்தான் சட்டியைச் சாய்த்தார்கள்.

பந்தியில் மலைச்சாமி ஒவ்வொரு இலையாகப் போய் நின்று சொன்னார். "பாத்தீகளா? பெத்த அப்பனையே நிப்பாட்டிப்புட்டா. படிப்புன்னா அது!"

சாயங்காலம் மூவரும் டவுனில் இருக்கும் வாடகை வீட்டுக்குத் திரும்பினார்கள். உடம்பெல்லாம் சிமெண்ட் வாடை. மலைச்சாமி குளிக்கக்கூடப் போகவில்லை.

"பொன்னு, வீடு முடிஞ்சு குடி போற வரைக்கும் என்னால பொறுக்க முடியாது. அந்தப் பல்பை இங்கன இப்பவே ஒண்ணு போடு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டைகள், ஒரு சின்னச் சிவப்பு பல்பு, கூடத்தில் கிடந்த மெல்லிய வயர். பொன்னுமணி வயரைச் சுவரோரம் ஆணியில் மாட்டிக்கொண்டே வாசல் வரை இழுத்தாள். நிலைக்கட்டையில் ஒரு பட்டனைத் திருகினாள். பல்பை அடுப்படியில், அம்மாவின் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டாள். மணி வைக்கவில்லை. அதற்கு வேண்டிய சாமான் கையில் இல்லை.

மலைச்சாமி வாசலுக்குப் போய் அமுக்கினார்.

அடுப்பில் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அன்னக்கொடி நிமிர்ந்தாள். கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "கூப்பிட்டீகளா?"

"இல்லையே" என்றார் முகத்தை வைத்துக்கொண்டு.

அவள் உள்ளே போனதும் மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தாள். மூன்றாம் தடவை கையில் கரண்டியோடு வந்தாள். "சோலி இல்லையா உங்களுக்கு?"

"ரெண்டு வருஷமாக் கூப்பிட்டது பாக்கி இருக்குல்ல" என்றார் மலைச்சாமி. அவள் உதட்டைப் படித்துவிட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

பிறகு மூவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்தார்கள். மத்தியானக் குழம்பைச் சூடு பண்ணி, சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்கள். வெள்ளைத்துரை பேச்சை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் மலைச்சாமிதான் எடுத்தார்.

"அவரு என்ன சொல்லி அனுப்பினாலும் சரி பொன்னு. இனிமே உன்னைக் கேக்காம நான் ஒண்ணும் முடிவு பண்ண மாட்டேன்."

பொன்னுமணி பதில் சொல்வதற்குள் அன்னக்கொடி சட்டென்று நிமிர்ந்தாள்.

"வாசல்ல யாரோ வந்திருக்காக."

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சுவரைத் திரும்பிப் பார்த்தபோதுதான் சிவப்பு பல்பு எரிந்து அணைவது தெரிந்தது.

"இருங்க, நான் போறேன்" என்று அன்னக்கொடி எழுந்தாள். வீட்டுக்கு ஆள் வந்ததை இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள்தான் முதலில் அறிந்திருந்தாள். அந்த நடையிலேயே அது தெரிந்தது.

கதவைத் திறந்தாள். படியில் வெள்ளைத்துரையின் மனைவி மொக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பூப்பொட்டலம். நெற்றியெல்லாம் வேர்வை. அவளுக்குப் பின்னால் தெருவோரத்தில் ஒரு வாடகை ஜீப் நின்றது.

மொக்கம்மாள் வாயைத் திறந்தவள் ஒரு கணம் நிறுத்தினாள். அன்னக்கொடிக்கு நேரெதிரே வந்து நின்று, முகத்தில் வெளிச்சம் படும்படி திரும்பிக்கொண்டு, நிதானமாகப் பேசினாள்.

"மதினி, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம வந்திருக்கேன். எம் மகனும் வந்திருக்கான். ஜீப்புக்குள்ளதான் இருக்கான். பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை நேர்ல கேக்கணுமாம். பொண்ணு சரின்னு சொன்னாத்தான் எறங்குவானாம்."

அன்னக்கொடி திரும்பினாள். பின்னால் வந்து நின்ற புருஷனைத் தாண்டி, மகளைப் பார்த்தாள்.

"என்ன ஆத்தா, எறங்கச் சொல்லவா?"

பொன்னுமணி தாவணி முனையில் கையைத் துடைத்துக்கொண்டாள். விரலில் பைப்புப் பசை இன்னும் ஒட்டியிருந்தது.

"நீ சொல்ல வேணாம்மா" என்று செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். "நானே போய்க் கேக்குறேன்."